பதினெட்டாவது

முதலில் நார்க்கட்டி என்றார்கள்.
பாதிப் பெண்களுக்கு இருப்பதுதான்,
விலக்கு நின்றால் சுருங்கிவிடும் என்றார்கள்.
எனக்கு நின்று இரண்டு வருடம்.
அது வளர்ந்துகொண்டிருந்தது.

வெட்டி எடுத்துப் போத்தலில் போட்டு
பெயர் ஒட்டினார்கள்:
புஷ்பலீலா அ/பெ மாரிமுத்து.
இறந்து இருபத்தோரு வருடமான அப்பாவும்
ஃபார்மலினில் என்னோடு மிதந்தார்.

பதினான்காம் நாள், ரெசிடென்சி சாலை மருத்துவமனை.
டாக்டர் ஒரு பெயரைச் சொன்னார்.
தாளில் எழுதித் தரச் சொன்னேன்.
லியோமயோசார்கோமா.
பஸ் ஜெலுத்தோங் தாண்டுவதற்குள்
மூன்றாக உடைத்துப் பழகிக்கொண்டேன்.
முதல் துண்டைத் தனியாகச் சொன்னால்
யாருடைய பையனையோ
சாப்பிடக் கூப்பிடுவது போலிருந்தது.

லட்சத்தில் ஒருத்திக்கு வருமாம்.
என் ஷிஃப்டு சூ கிம்
நோயின் பெயரைக் கேட்கவில்லை,
ரிப்போர்ட் நம்பரைக் கேட்டாள்.
கடைசி நாலு எண்: 7083.
பெரிசில் மூன்று வெள்ளி, சின்னதில் மூன்று வெள்ளி.
ஞாயிற்றுக்கிழமை
ஆறுதல் பரிசுகூட விழவில்லை.

நம் சொல் கேட்காத தசை அது.
சோற்றைக் கீழே தள்ளும்.
இரத்தக் குழாயை இறுக்கும், தளர்த்தும்.
கருப்பையைப் பிசைந்து
பிள்ளையை வெளியே அனுப்பும்.
குளிரடித்தால் மயிர்க்காலைத் தூக்கி நிறுத்தும்.
ஐம்பத்து நான்கு வருடம்
மெடிக்கல் லீவு எடுக்காமல்
எனக்குத் தெரியாமலே எனக்கு உழைத்தது.
அதில் ஒன்று
என்ன நினைத்ததோ.

கேட்டுப் பார்த்தேன்.
நான் தின்றதா, ஃபேக்டரி மருந்தா,
யாராவது போட்ட கண்ணா?
காரணம் தெரியவில்லை என்றார் டாக்டர்.
அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்
அவரை நம்பத் தொடங்கினேன்.

பாயான் லெப்பாஸில் இருபத்தாறு வருடம்
மைக்ரோஸ்கோப்பில் சிப் பார்த்தவள் நான்.
தட்டுக்குப் பத்து இடம்.
கீறல், கறை, பிசிறு.
எண்ணி எழுதி, வரம்பு தாண்டினால்
சிவப்பு ஸ்டிக்கர்.
அதனால் கேட்டேன்,
நானும் பார்க்கலாமா?

கீழ்த்தளத்து லேபில் டாக்டர் ஓங்.
இருவர் எதிரெதிரே பார்க்கும் மைக்ரோஸ்கோப்.
ஸ்டூலை யாரும் சரிசெய்து தர வேண்டியிருக்கவில்லை.

ரோஸ். ஊதா.
இவ்வளவு அழகாக இருக்கும் என்று
யாரும் சொல்லவில்லையே.
தெலுக் பஹாங் படகுத்துறையில்
விளக்கடியில் திரும்பும் நெத்திலிக் கூட்டம்போல
ஒரு கற்றை இப்படி, ஒரு கற்றை குறுக்கே.
நல்ல தசையும் இப்படித்தான் ஓடுமாம்.
இதில் மீன்கள் பருத்தும் கோணியும்,
சிலவற்றுக்கு இரண்டு மூன்று கண்,
சில நடுவில் பிளந்துகொண்டு.

"பிளப்பவற்றை எண்ணுவோம்.
பத்துக் கட்டம். பத்துக்கு மேல் போனால்..."
அவர் முடிக்கவில்லை.
எத்தனை என்றேன்.
பதினேழு.

அழுவேன் என்று நினைத்திருப்பார்,
டிஷ்யூ பெட்டி பக்கத்திலேயே இருந்தது.
என் கண் வேலைக்குப் போய்விட்டது.
இடமிருந்து வலம், ஒரு வரி கீழே,
வலமிருந்து இடம்.
எட்டாம் கட்டத்தின் ஓரத்தில்
பாதி உடம்பை நிழலுக்குள் வைத்துக்கொண்டு ஒன்று.
"டாக்டர், இது?"

குனிந்தார். குமிழைத் திருகினார். மறுபடி திருகினார்.
"ஆமாம். பதினெட்டு."

வெளியே சொல்லக் கூடாது,
எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"இதனால் எதுவும் மாறாது" என்றார் மெதுவாக.
தெரியும் என்றேன்.
தாண்டியது தாண்டியதுதான்.

வியாழக்கிழமை நுரையீரல் ஸ்கேன்.
இரத்தத்தில் ஏறினால் முதலில் அங்கேதான் இறங்குமாம்.
கயிறு கட்டிய பையில் கோப்பி-ஓ
முழங்காலில் சுட்டுக்கொண்டிருந்தது.
பஸ் ஏர்கண்டிஷன் நேரே தலையில்.
முன்கையில் மயிர் குத்திட்டு நின்றது,
ஒவ்வொன்றின் அடியிலும்
அதே தசை.
சட்டைக் கையை இழுத்துவிடப் போன விரல்
மணிக்கட்டிலேயே நின்று
ஒன்று, இரண்டு என்று தொட்டது.

நூற்றுப் பன்னிரண்டில் தலை நிமிர்ந்தேன்.
சுங்கை டுவா ஸ்டாப்
எப்போதோ போயிருந்தது.